கேட்டைத் தாண்டி வந்த நெடி

மல்லிகா,

சனிக்கிழமை நீ வேலை பார்க்கும் ஊரிலிருந்து ரயிலில் வந்து வீட்டுக்குள் நுழையும்போது இந்தத் தாள்கள் உன் பெட்டியின் மேல் இருக்கும். நானும் வீட்டில்தான் இருப்பேன், எங்கும் ஓடிப் போய்விட மாட்டேன். ஆனால் இதை வாயால் சொல்ல என்னால் ஆகாது. எட்டு வருஷமாக முயன்று பார்த்தாயிற்று. வாயைத் திறந்தால் "சாப்பிட்டியா", "ரயில் லேட்டா" என்பதற்கு மேல் எதுவும் வரமாட்டேன் என்கிறது. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். இதை மாப்பிள்ளை படித்தாலும் சரி, அவரைப் பெற்றவர்கள் படித்தாலும் சரி, ஊரே படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மூடி வைத்தது போதும்.

போன மாதம் பத்திரிகை அடிக்கப் பெயர்கள் எழுதிக்கொண்டிருந்தோமே, நினைவிருக்கிறதா? தாய்மாமன் என்று ஏழுமலையின் பெயரை நான் சொன்னதும் உன் அம்மா சீறினாள். "அவன் பேரு எதுக்கு? வால்வ தப்பா தொறந்து தன் கண்ணையும் கெடுத்துகினு, இந்த வூட்டு மானத்தையும் வாங்கினவன். எனக்குத் தம்பியே கெடையாது" என்றாள். நீ என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாய். அந்தப் பார்வையை நான் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நீ ஒன்பதாவது படித்தாய். எழுபத்தொன்றாம் வருஷம், கோடை தொடங்கும் நேரம். ஐஸ் பேக்டரியில் நான் ஆபரேட்டராகப் பன்னிரண்டு வருஷம் முடித்திருந்தேன். கம்ப்ரஸரின் சத்தத்தை வைத்தே அதன் உடம்புக்கு என்னவென்று சொல்லிவிடுவேன். எந்தக் குழாய் கைக்கு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், எதன் மேல் பனி படர வேண்டும் என்பதெல்லாம் தெரியும். ஏன் என்று மட்டும் தெரியாது. ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அமோனியா உள்ளே சுற்றுகிறது, வெளியே ஐஸ் வருகிறது, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. அவ்வளவுதான் நான் அறிந்த விஞ்ஞானம்.

ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். "அப்பா, இன்னிக்கு எங்க டீச்சர் சொல்லிக் குடுத்தது மூணும் உன் பேக்டரியிலயே கீது" என்றாய். எது என்றேன். கையை ஆட்டி ஆட்டி நீ சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "எல்லாமே துகள்தாம்பா. கண்ணுக்கே தெரியாத துகள். அது சும்மாவே இருக்காது, எப்பவும் ஆடிக்கினேதான் இருக்கும். ஐஸுல ஒண்ண ஒண்ணு புடிச்சிகினு நின்ன எடத்துலயே நடுங்கும். தண்ணியில அந்தப் புடி கொஞ்சம் தளர்ந்துடும், ஒண்ணுமேல ஒண்ணு வழுக்கிகினு ஓடும். வாயுவா ஆயிட்டா புடியே கெடையாது. எங்க எடம் கீதோ அங்கெல்லாம் பறந்துகினே போவும்."

உன்னைச் சோதிக்க வேண்டும் என்று, "அப்ப அமோனியா ஏன் ஜில்லுனு ஆக்குது, சொல்லு பாப்போம்" என்றேன். உனக்குத் தெரியவில்லை. முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடத்துப் பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்காமல் என்னிடம் ஓடி வந்தாய். "தண்ணியா கீற அமோனியா புடிய வுட்டுட்டுப் பறக்கணும்னா அதுக்குத் தெம்பு வேணும்பா. அந்தத் தெம்ப சுத்தியிருக்கற உப்புத் தண்ணிகிட்டேந்து எடுத்துக்குது. உப்புத் தண்ணி, அதுல முக்கி வச்சிருக்கற கேனுக்குள்ள கீற நல்ல தண்ணிகிட்டேந்து எடுத்துக்குது. அந்த நல்ல தண்ணித் துகளுக்கு ஓடத் தெம்பு இல்லாம போயி, ஒண்ண ஒண்ணு புடிச்சிகினு நின்னுடுது. அதாம்ப்பா ஐஸு!" உப்புத் தண்ணீர் மட்டும் ஏன் உறைவதில்லை என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தாய். உப்புத் துகள் நடுவில் புகுந்துகொண்டு ஒன்றையொன்று பிடிக்க விடாதாம்.

மல்லிகா, அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பன்னிரண்டு வருஷமாக என் கை செய்துகொண்டிருந்த வேலையின் அர்த்தத்தை நீ இரண்டு நாளில் கொண்டுவந்து கொடுத்துவிட்டாய். மறுநாள் குழாயின் மேல் படர்ந்த பனியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஆனால் உன்னிடம் என்ன சொன்னேன்? "சரி சரி, போயி கணக்கப் போடு" என்றேன். பெண் பிள்ளையைப் பாராட்டினால் தலைக்கு ஏறிவிடும் என்று எவனோ சொன்னதை நம்பினேன். நாளைக்கு உனக்கென்று ஒரு குழந்தை பிறந்து, வாயெல்லாம் பல்லாக எதையாவது சொல்லிக்கொண்டு ஓடி வந்தால், உன் அப்பனைப் போல் இருக்காதே. கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேள்.

அந்த வாரம்தான் நீ நோட்டில் எழுத ஆரம்பித்தாய். பள்ளிக்கூடம் முடிந்ததும் எனக்கு டிபன் கொண்டு வருவாய் அல்லவா, அப்போது அமோனியா நெடி எங்கே முதலில் மூக்கில் ஏறுகிறது என்று பார்த்து, அங்கிருந்து இயந்திர அறைக் கதவு வரைக்கும் எத்தனை அடி என்று நடந்து எண்ணி எழுதினாய். துகள் எவ்வளவு தூரம் பறக்கும் என்று கண்டுபிடிக்கப் போகிறாயாம். வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினாய். "அப்பா, திங்கக்கெழம கதவாண்ட வந்தாத்தான் அடிச்சுது. செவ்வாக்கெழம நடு வாசல். இன்னிக்கு கேட்டுக்கு வெளியவே அடிக்குது."

"காத்து இந்தப் பக்கமா அடிச்சிருக்கும்" என்றேன்.

"காத்தே இல்லப்பா. எல கூட அசையல. அதுவா வருது. உள்ளேந்து நெறைய துகள் வெளிய வந்துகினு கீது. எங்கியோ ஓட்ட கீதுப்பா."

பன்னிரண்டு வருஷம் அந்த நெடியிலேயே ஊறிய மூக்கு எனக்கு. கொஞ்சம் கசிந்தால் தெரியவே தெரியாது. அதனால்தான் கந்தகத் திரி என்று ஒன்று வைத்திருப்போம். அதைக் கொளுத்திக் குழாய் ஓரமாகக் காட்டிக்கொண்டே போனால், அமோனியா கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். ஐந்து நிமிஷ வேலை. திரி என் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. நான் அதைக் கொளுத்தவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். புகை வந்துவிட்டால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். கோடையில், மீன் குவிகிற நேரத்தில், நிறுத்துகிறேன் என்று முதலாளி முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. தெரிந்துகொள்ளாமல் இருந்தால் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் பார்க்காமல் இருந்தேன். உன்னிடம், "சும்மா நோட்டும் கையுமா பேக்டரியில சுத்தாத, வேல செய்யறவங்க சிரிப்பாங்க" என்று அதட்டி அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை முதலாளி கூப்பிட்டனுப்பினார். மாமல்லபுரம் கடற்கரையில் நம் ஐஸ் சரியில்லை என்று புகார் வந்திருக்கிறது, லாரியோடு போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வா என்றார். உன் மாமன் ஏழுமலைக்கும் அதே பேக்டரியில்தான் வேலை, கேன் தூக்குவது. ஆனாலும் என் பக்கத்திலேயே இருந்து இயந்திரத்தை ஓரளவு பழகியிருந்தான். அவனை உட்காரவைத்துவிட்டு லாரியில் ஏறினேன். கிளம்பும்போது, "மச்சான், கண்ணு கொஞ்சம் எரியறாப்ல கீதே" என்று கண்ணைத் தேய்த்தான். "ராத்திரி சினிமாவுக்குப் போயிருப்ப" என்று சிரித்துவிட்டுப் போனேன். அவன் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தது அதுதான் கடைசி.

கடற்கரையில் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கூடைக்காரி ஒருத்தி என்னை லாரியை விட்டு இறங்கவே விடவில்லை. "இன்னாய்யா, ஐஸு குடுக்கிறியா தண்ணி குடுக்கிறியா? வந்து பாரு!" என்று ஒரு பாளத்தை மணலில் போட்டுக் கடப்பாரையால் ஒரு போடு போட்டாள். வெளியே கல் மாதிரி இருந்த பாளம் இரண்டாகப் பிளந்தது. நடுவிலிருந்து சளக்கென்று தண்ணீர் கொட்டி மணலில் இறங்கியது. அடுத்ததை உடைத்தாள். அதுவும் அப்படியே. பக்கத்தில் நின்ற மீன் வியாபாரி பாய், "என்னா ஆபரேட்டரே, குளிரு பத்தலையா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. கேனில் தண்ணீர் ஓரத்திலிருந்துதான் உறைந்துகொண்டு வரும், நடு கடைசியில்தான் இறுகும். நடு உறையவில்லை என்றால் குளிர் போதவில்லை. குளிர் போதவில்லை என்றால் உள்ளே அமோனியா குறைந்திருக்கிறது. அமோனியா எங்கே போயிற்று? அது உன் நோட்டில் எழுதியிருந்தது, மல்லிகா. கதவு, நடு வாசல், கேட்டுக்கு வெளியே. ஆபரேட்டருக்குத் தெரியாதது ஒன்பதாவது படிக்கிற பெண்ணின் நோட்டில் இருந்தது.

லாரிக்குக் காத்திருக்கவில்லை. வந்த பஸ்ஸில் ஏறினேன். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்ற நேரத்தில் கீழே இறங்கி நடந்தே போய்விடலாமா என்று தவித்தேன். செங்கல்பட்டில் இறங்கி ஓடி வந்தபோது பேக்டரி வாசலில் கூட்டம். தெருவெல்லாம் நெடி. அந்த நெடி என் மூக்குக்கே தெரிந்தது.

நடந்ததைப் பிறகுதான் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். திரவ அமோனியா வருகிற குழாயில், வால்வுக்குப் பக்கத்து இணைப்பு விட்டுப்போயிற்று. உள்ளே அழுத்தி வைத்திருக்கும் வரைதான் அது திரவம். வெளியே வந்த கணமே புகையாகக் கிளம்பி அறையை நிறைத்துவிடும். மற்றவர்கள் வெளியே ஓடினார்கள். ஏழுமலை ஓடவில்லை. ஈரத் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு உள்ளே போய், தடவித் தடவி அந்த வால்வைக் கண்டுபிடித்து மூடிவிட்டுத்தான் வந்தான். மூடாமல் வந்திருந்தால் பின்னால் இருந்த குடிசை வரிசையில் எத்தனை பேர் மூச்சு முட்டிக் கிடந்திருப்பார்கள் என்று நினைக்கவே முடியவில்லை. மூக்கைச் சுற்றினான். கண்ணைச் சுற்ற முடியுமா? கண்ணில் ஈரம் இருக்கிறதே, அமோனியாவுக்கு அது போதும்.

நான் லாரியில் போனது தெரியாமல் அப்போதுதான் நீ எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறாய். தட்டுத் தடுமாறி வெளியே வந்தவனை, பெரிய ஆண்களெல்லாம் விலகி நிற்க, நீ கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டியின் ஓரம் உட்காரவைத்து, குடம் குடமாகக் கண்ணில் ஊற்றியிருக்கிறாய். நிறுத்தவே இல்லையாம். ஆஸ்பத்திரி வண்டி வரும் வரைக்கும் இருமிக்கொண்டே ஊற்றினாய் என்றார்கள். அமோனியாவைத் தண்ணீர் குடித்துவிடும் என்று என்றோ நான் சொன்னதை நீ மறக்கவில்லை. இடது கண் பிழைத்ததே அந்தத் தண்ணீரால்தான் என்று டாக்டர் சொன்னார். வலது கண் வெளுத்துப்போயிற்று.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். முதலாளி என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். "நீ கெளம்பும்போது எல்லாம் சரியாத்தானே இருந்துது? அவன்தான் தெரியாத்தனமா எதையோ திருப்பியிருப்பான்" என்றார். கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது. "ஆமாங்க" என்றேன். மூன்று நாள் கழித்து விசாரணைக்கு வந்த அதிகாரி நம் வீட்டுக்கும் வந்தார். தண்ணீர் ஊற்றிய பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றார். நீ வந்து நின்றாய். இருமல் இன்னும் விட்டிருக்கவில்லை. "அதுக்கு முன்னாடி எப்பவாவது நெடி அடிச்சுதாம்மா?" என்று உன்னைத்தான் கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அவளுக்கு என்ன சார் தெரியும்? பள்ளிக்கூடம் போற பொண்ணு." நீ என்னைப் பார்த்தாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாது சார்" என்றாய். அன்று சாயங்காலம் உன் நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். கிழிந்த விளிம்பை மறுநாள் நீ பார்த்தாய். நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாய்.

பழி ஏழுமலைக்குப் போயிற்று. வேலையும் போயிற்று. அஜாக்கிரதையால் கண்ணைக் கெடுத்துக்கொண்டான் என்று ஊர் பேசியது. புருஷன் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தான் என்று உன் அம்மா கூடப்பிறந்தவனோடு பேச்சை விட்டாள். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ எஸ்.எஸ்.எல்.சி.யில் அறிவியலில் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு உன் டீச்சர் வீட்டுக்கே வந்து, காலேஜில் பி.யூ.சி. சேர்த்துவிடுங்கள், பெண் எங்கேயோ போவாள் என்று கெஞ்சினார். பெண்ணுக்கு எதற்கு என்று டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தேன். பணம் இல்லை, ஊர் கெட்டுக்கிடக்கிறது என்றெல்லாம் காரணம் சொன்னேன். உண்மை வேறு. நீ அறிவியல் புத்தகத்தை விரிக்கும்போதெல்லாம் எனக்குச் சாட்சிக் கூண்டில் நிற்பது போல இருந்தது. என் நிம்மதிக்காக உன் படிப்பை நிறுத்தினேன். அதை நான் திருப்பித் தர முடியாது. முடியும் என்று சொல்லி உன்னை ஏமாற்றவும் மாட்டேன்.

பத்திரிகைப் பேச்சு நடந்த மறுநாள் மாமல்லபுரம் போனேன். ஏழுமலை அங்கே கோயில் பக்கம் சங்கும் சோழி மாலையும் விற்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன், எட்டு வருஷத்தில் ஒரு தடவையும் போய்ப் பார்த்ததில்லை. வெள்ளைக்காரர்கள் இரண்டு பேருக்கு மாலையைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். என் குரலைக் கேட்டதும் இடது கண் என் பக்கம் திரும்பும்படி முகத்தைச் சாய்த்துப் பார்த்தான். மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, திரி, டீ, நெருப்பில் போட்ட பக்கம், எதையும் விடவில்லை. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும் மச்சான்" என்றான்.

எப்படித் தெரியும் என்றேன்.

"ஆஸ்பத்திரியில இருந்தப்பவே பாப்பா வந்து சொல்லிச்சு. கட்டுலாண்ட நின்னுகினு ஒரே அழுக. ஆபீசர் கையில போயி சொல்லிடட்டுமா மாமான்னு கேட்டுச்சு. நாந்தான் வாணாம்னேன். எனக்குத்தான் வேல போச்சு. உன் வேலையும் பூட்டா எங்க அக்கா வூட்ல அடுப்பு எப்டி எரியும்? பாப்பா கையில சத்தியம் வாங்கிகினேன்." சோழிகளைக் கையால் அளைந்தான். "அக்கா பேசாம பூட்டதுதான் மச்சான் தாங்க முடியல. கண்ணு போனதுகூடப் பழகிடுச்சு."

உன் மௌனம் வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மல்லிகா. வெறுப்பாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதினான்கு வயதில் நீ ஒரு சத்தியத்தைச் சுமந்துகொண்டு, என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டு, எனக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிட்டு, நான் சேர்த்துவிட்ட டைப்ரைட்டிங் வகுப்புக்கும் போய் வந்திருக்கிறாய். வீட்டைக் காப்பாற்றுகிறவன் நான் என்று நினைத்திருந்தேன். என்னை நீங்கள் இரண்டு பேரும் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

இந்த வாரம் திங்கட்கிழமை பேக்டரியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கசிவு எனக்கு முன்பே சொல்லப்பட்டது, சோதிக்காமல் விட்டது நான், ஏழுமலை மேல் எந்தத் தவறும் இல்லை, அவன் மூடியதால்தான் பலர் பிழைத்தார்கள் என்று. ஒரு நகலை அதிகாரிக்கும் தபாலில் சேர்த்தேன். முதலாளி படித்துவிட்டு, "பொண்ணு கல்யாணத்த வச்சிகினு இப்ப எதுக்குய்யா இது?" என்றார். அதனால்தான் என்றேன். நாளை முதல் வர வேண்டாம் என்றார். மாப்பிள்ளை வீட்டுக்குக் கூடுவாஞ்சேரி போய் இதையும் நானே சொல்லிவிட்டேன். கல்யாணம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை; யோசித்துச் சொல்கிறோம் என்றிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மாப்பிள்ளை மட்டும் ஒன்று கேட்டார்: "மல்லிகாவுக்கு இது தெரியுமா?" முதலில் தெரிந்தது அவளுக்குத்தான் என்றேன். தலையை ஆட்டிவிட்டு என்னை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். நல்ல பையன். அவரிடம் எதையும் மறைத்து வாழ வேண்டிய தேவை உனக்கு வராது என்று நினைக்கிறேன்.

உன் அம்மாவிடம் சொன்னது செவ்வாய்க்கிழமை காலை. கேட்டு முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு, மாற்றுப் புடவை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நேற்று மாலைதான் திரும்பி வந்தாள். ஏழுமலையும் கூட வந்தான். அவன் கையைப் பிடித்துப் படியேற்றினாள். நான் சோறு வடித்து, தெரிந்த மாதிரி ஒரு குழம்பும் வைத்திருந்தேன். ஏழுமலை, "உப்பு ஜாஸ்தி மச்சான்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். உன் அம்மா அவனுக்குப் பரிமாறினாள். என்னிடம் இன்னும் பேசவில்லை. எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் அது நியாயம்தான்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க இதை எழுதவில்லை. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை. சனிக்கிழமை நீ கோபப்படு. அழு. இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்ததை எவ்வளவு நேரம் ஆனாலும் சொல். அந்த அதிகாரி முன்னால் நீ பேச வேண்டியதை நான் பேசினேன். இந்த முறை வாயைத் திறக்க மாட்டேன். உன் எதிரில் உட்கார்ந்து, நீ முடிக்கும் வரைக்கும் கேட்பேன்.

உன் அப்பா